ஏற்காடு ஏற்றத்தில் கொதிக்கும் மாருதி 800: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் சிவந்து நிற்கிறது, எங்கே பார்ப்பது?

அடிவாரம்97 கேட்டது:

வணக்கம். வண்டி 1997 மாருதி 800, கார்புரேட்டர் மாடல், சென்னைப் பதிவு. இப்போது சேலத்தில் ஓடுகிறது. ஏற்காட்டில் அக்கா வீடு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு மலையேறுவது இந்த வண்டியில்தான். அதனால் பாதி வழியில் நிற்கிற வண்டியாக இதை வைத்திருக்க முடியாது.

சமவெளியில் ஒரு தொந்தரவும் இல்லை. ஊருக்குள் டெம்பரேச்சர் முள் பாதிக்குக் கீழேதான் நிற்கும். அடிவாரம் தாண்டி ஏழெட்டு கொண்டை ஊசி வளைவு ஏறியதும் முள் மேலே கிளம்புகிறது. பாதி மலையில் சிவப்புக் கோட்டைத் தொட்டு, ரிசர்வ் டேங்கில் தண்ணீர் பொங்குகிறது. பிக்கப்பும் இல்லை. முன்பு இரண்டாவது கியரில் சாதாரணமாக ஏறிய வளைவில் இப்போது ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் திணறி, முதல் கியருக்கு வர வேண்டியிருக்கிறது. பெட்ரோலும் அதிகம் குடிக்கிறது.

போன வாரம் இருட்டிய பிறகு ஏறினோம். முள் ஏறியதும் ஓரமாக ஒதுக்கி, எஞ்சினை ஐடிலில் விட்டு பானெட்டைத் திறந்தேன். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், அதாவது சிலிண்டர்களிலிருந்து எரிந்த வாயு வெளியேறும் குழாய்த் தொகுதி, சிவந்து நிற்கிறது. தகரக் கவசத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தால், மூன்று குழாயும் சேருகிற இடம் செம்பருத்திப் பூ நிறத்தில் இருந்தது. ஹெட்டை (சிலிண்டர்களின் மேல் மூடும் பகுதி) ஒட்டிய பக்கம் கருஞ்சிவப்பு. ஐடிலில் ஐந்து நிமிடம் விட்டும் சிவப்பு அடங்கவில்லை. பயந்து அணைத்துவிட்டேன்.

இதுவரை செய்தது: ரேடியேட்டரை இறக்கி டேங்க் பிரித்து ராடு விட்டுச் சுத்தம் செய்தாயிற்று. 0.9 என்று அழுத்த அளவு பொறித்த புது ரேடியேட்டர் மூடி போட்டாயிற்று. தண்ணீர் சூடான பிறகே அதை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். ஃபேனை நேரடியாக ஸ்விட்ச் கொடுத்து ஓட விட்டிருக்கிறோம். வாட்டர் பம்ப் புதிது, டைமிங் பெல்ட் மாற்றும்போதே சேர்த்துப் போட்டது. இத்தனைக்கும் பிறகு அதே கொதிப்பு. இப்போது ஒர்க்ஷாப்பில் ஹெட்டைக் கழற்றி கேஸ்கட் மாற்ற வேண்டும், வால்வும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். கழற்றச் சொல்லலாமா?

பவானிக்கரை எழுதியது:

ஹெட் கேஸ்கட்டாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் கழற்றுவதற்கு முன் வீட்டிலேயே பார்த்துவிடலாம். காலையில் எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரைக் கழுத்து வரை நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் நிமிடத்திலிருந்தே விடாமல் குமிழ் வந்தால், ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் குமிழ் கூடினால், கேஸ்கட் வழியாக வாயு தண்ணீருக்குள் போகிறது. ஆரம்பத்தில் நாலு குமிழ் வந்து நின்றுவிட்டால் அது உள்ளே தங்கியிருந்த காற்று. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி படிந்திருக்கிறதா, சைலன்சரில் வெள்ளைப் புகை சூடான பிறகும் வருகிறதா என்றும் பாருங்கள்.

சூடான எஞ்சினில் மூடியைத் தொடவே கூடாது. 0.9 மூடி பிடித்து வைத்திருக்கிற அழுத்தத்தில் தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த நொடியில் ஆவியும் கொதிநீருமாகப் பீறி முகத்தில் அடிக்கும்.

ஸ்பானர்12 எழுதியது:

தம்பி, ஹெட்டைக் கழற்ற வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம். குமிழ் சோதனையைச் செய்துவிடுங்கள், நல்ல யோசனை. ஆனால் கேஸ்கட் போனால் தண்ணீர் கொதிக்குமே தவிர, மேனிஃபோல்ட் செம்பருத்தி நிறத்துக்குப் போகாது.

நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயத்தில் என் கண் நின்றது. ஒன்று, ஐடிலில் விட்ட பிறகும் சிவப்பு அடங்கவில்லை என்பது. இன்னொன்று, போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன டைமிங் பெல்ட். பெல்ட் மாற்றியதற்கு முன்பே கொதித்ததா, பிறகுதானா? அதை முதலில் யோசித்துச் சொல்லுங்கள்.

இரும்பு நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியத் தொடங்குவது சுமார் 525 டிகிரி செல்சியஸில். நீங்கள் சொல்கிற நிறம் 700 டிகிரி பக்கம். பெட்ரோல் எஞ்சினை ஏற்றத்தில் முழு மிதியில் இழுத்தால் எக்ஸாஸ்ட் வாயு 800 டிகிரியைத் தொடுவது சாதாரணம். அதனால் இருட்டில் நிறுத்தி உடனே பார்த்தால் மங்கலான சிவப்பு தெரிந்தாலும் நான் பதறமாட்டேன். ஆனால் சுமை விட்டதும் அது கறுத்துவிட வேண்டும். ஐடிலில் எரிகிற பெட்ரோலே கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு மேனிஃபோல்ட் ஐந்து நிமிடம் சிவந்தே நிற்கிறது என்றால், நெருப்பு சிலிண்டருக்குள் எரிந்து முடியாமல் வெளியே வந்து எரிகிறது.

அது எப்படி என்று சொல்கிறேன், இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பிஸ்டன் மேலே வந்து சேருவதற்குக் கொஞ்சம் முன்பே பிளக் அடிக்க வேண்டும். அப்போதுதான் பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கும்போது எரிதல் உச்சத்தில் இருந்து அதைத் தள்ளும். பிளக் தாமதமாக அடித்தால் பிஸ்டன் பாதி இறங்கிய பிறகும் எரிந்துகொண்டே இருக்கும். தள்ளும் வேலைக்குப் போகாத சூடு அப்படியே எக்ஸாஸ்ட் வால்வு வழியாக வெளியே ஓடும். பிக்கப் போனதும் பெட்ரோல் அதிகம் குடிப்பதும் அதனால்தான். இப்போது ஹெட்டுக்குள் எக்ஸாஸ்ட் போர்ட்டைச் சுற்றி என்ன ஓடுகிறது? உங்கள் ரேடியேட்டர் தண்ணீர். சிவக்கச் சிவக்க எரிகிற வாயு அந்த அலுமினியச் சுவரைத் தடவிக்கொண்டுதான் வெளியே போகிறது. அந்தச் சூட்டையும் சேர்த்துச் சுமக்கிற அளவுக்கு உங்கள் வண்டியில் ரேடியேட்டர் வைக்கவில்லை. மேனிஃபோல்டும் தண்ணீரும் ஒரே காரணத்தால்தான் சூடாகின்றன. நீங்கள் இதுவரை செலவு செய்ததெல்லாம் தண்ணீர்ப் பக்கம். சூடு பிறக்கிற பக்கம் யாரும் போகவே இல்லை.

வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டை கிராங்கோடு இணைத்துச் சுற்றுவது டைமிங் பெல்ட். பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் டெல்கோவும் (டிஸ்ட்ரிபியூட்டர்) இந்த எஞ்சினில் அந்தக் கேம் ஷாஃப்ட்டின் பின்முனையிலிருந்துதான் ஓட்டம் வாங்குகிறது. ஆக, பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்தால் வால்வும் தாமதம், ஸ்பார்க்கும் தாமதம். ஒரு பல் என்பது கிராங்கில் பதினைந்திலிருந்து இருபது டிகிரி. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஊருக்குள் ஓடும். ஏற்றத்தில்தான் குணம் தெரியும். பல மெக்கானிக்குகள் பெல்ட் போட்ட பிறகு வண்டி மந்தமாக இருந்தால் டெல்கோவைத் திருப்பிச் சரிக்கட்டிவிடுவார்கள். அதனால் முதல் வேலையாக டெல்கோவின் அடிப்பட்டையைப் பாருங்கள். நட்டு அந்த நீள ஓட்டையின் நடுப்பக்கம் இருந்தால் கவலை குறைவு. ஒரு கோடியில் போய் முட்டிக்கொண்டு நின்றால் பெல்ட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம் டைமிங் லைட் (ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் மின்னி, குறி எங்கே நிற்கிறது என்று காட்டும் விளக்கு) வைத்திருக்கிறவர் யாரையாவது பிடியுங்கள். காதால் கேட்டுச் செய்கிற டைமிங் இதற்கு ஆகாது. டெல்கோவுக்குப் போகும் வேக்கம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, கியர்பாக்ஸ் உறையில் இருக்கும் ரப்பர் மூடியை எடுத்து, ஃபிளைவீல் குறியை லைட்டில் பாருங்கள். பிறகு 3000 ஆர்பிஎம் வரை மெதுவாக ஏற்றும்போது குறி சீராக முன்னால் நகர வேண்டும். நகராமல் நின்றால் டெல்கோவுக்குள் வேகத்துக்கு ஏற்ப ஸ்பார்க்கை முன்னால் தள்ளும் எடைக்கட்டைகள் துருப்பிடித்து இறுகியிருக்கின்றன. எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டு ஸ்பார்க்கை முன்னால் நகர்த்தும் வேக்கம் டயஃப்ரத்தைச் சோதிக்கக் கருவி வேண்டாம். ஹோஸை வாயில் வைத்து உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். நாக்கைப் பிடித்து வைத்தால் நல்லது, காற்று வந்துகொண்டே இருந்தால் கிழிந்துவிட்டது.

இன்னொன்றும் பார்த்தாக வேண்டும். 1995 ஏப்ரலிலிருந்து சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் விற்ற புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் பெட்டி) கட்டாயம். உங்கள் வண்டி 1997 சென்னை வண்டி, ஆகவே அடியில் அது இருக்கும். பிளக் தாமதமாக அடிக்கும் வண்டியும் மிஸ்ஸிங் அடிக்கும் வண்டியும் எரியாத பெட்ரோலை அதற்குள் அனுப்பி எரிய விடும். உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். அடைத்தால் வாயு வெளியேற வழியின்றி, அதுவும் மேனிஃபோல்டைச் சிவக்க வைக்கும். எஞ்சினின் உறிஞ்சலை அளக்கும் வேக்கம் கேஜை இன்டேக்கில் (கலவை உள்ளே போகும் பாதையில்) மாட்டி 2500 ஆர்பிஎம்மில் பிடித்து நில்லுங்கள். முள் முதலில் நன்றாக நின்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தால் அடைப்பு. இறங்காமல் நின்றால் பாதை திறந்திருக்கிறது. உங்கள் ஒர்க்ஷாப்பில் இந்தக் கேஜ் இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள், இது ஒன்றும் விலை உயர்ந்த பொருள் இல்லை.

இவை முடியும் வரை மலைக்கு எடுத்துப் போக வேண்டாம். தவிர்க்கவே முடியாமல் போய் மறுபடி சிவந்தால், சருகும் காய்ந்த புல்லும் இருக்கிற இடத்தில் நிறுத்தாதீர்கள். மேனிஃபோல்ட் மேல் தண்ணீர் ஊற்றவும் கூடாது. வார்ப்பிரும்பு அந்த இடத்திலேயே விரிசல் விடும்.

அடிவாரம்97 எழுதியது:

அண்ணா, ரொம்ப நன்றி. உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். பெல்ட் மாற்றுவதற்கு முன்பும் மழைக்குப் பிறகு ஒருமுறை முள் கொஞ்சம் ஏறியது ஞாபகம். ஆனால் இந்த அளவு கொதிப்பு, பிக்கப் இல்லாதது, எல்லாம் பெல்ட்டுக்குப் பிறகுதான்.

குமிழ் சோதனை செய்தேன். ஆரம்பத்தில் கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. ஆயில் சுத்தமாக இருக்கிறது.

டெல்கோ நட்டு ஓட்டையின் கோடியில் முட்டிக்கொண்டுதான் நிற்கிறது. இதற்கு மேல் திருப்ப இடமே இல்லை. தெரிந்த ஒருவரிடம் டைமிங் லைட்டும் வேக்கம் கேஜும் இருந்தன. கோடி வரை திருப்பி வைத்தும் குறி இருக்க வேண்டிய கோட்டைத் தொடவில்லை, மேல் மையத்துக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) பக்கத்திலேயே நிற்கிறது. ஐடிலில் வேக்கம் 14 அங்குலம், முள் ஆடாமல் நிற்கிறது. 2500-ல் பிடித்தபோது இறங்கவில்லை. டயஃப்ரம் நீங்கள் சொன்ன மாதிரி உறிஞ்சிப் பார்த்தேன், நாக்கைப் பிடிக்கவே இல்லை. ஆக்சிலேட்டர் கொடுத்தால் குறி முன்னால் நகர்கிறது.

பிளக்குகளையும் கழற்றிப் பார்த்தோம். மூன்றும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை.

ஸ்பானர்12 எழுதியது:

14 அங்குலம், அதுவும் ஆடாமல். சேலத்தின் உயரத்தில் நல்ல எஞ்சின் ஐடிலில் 18 அங்குலத்தைச் சுற்றி நிற்கும். முள் ஆடினால் வால்வு, மிஸ்ஸிங் என்று யோசிப்போம். ஆடாமல் தாழ்ந்து நின்றால் மூன்று சிலிண்டரும் ஒரே மாதிரி தாமதமாக இருக்கின்றன. கன்வெர்ட்டர் பிழைத்திருப்பது உங்கள் நல்ல நேரம்.

பெல்ட் உறையைத் திறக்கச் சொல்லுங்கள். கேம் புல்லியின் குறி மேலே உறையில் இருக்கும் குறிக்கும், கிராங்க் புல்லியின் குறி கீழே ஆயில் பம்ப் மேல் இருக்கும் குறிக்கும் ஒரே நேரத்தில் வர வேண்டும். டென்ஷனரைத் தளர்த்தும்போது பெல்ட் நழுவிப் பல் மாறுவது சகஜம். அதனால் மாட்டிய பிறகு கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகளை மறுபடி பார்த்த பிறகே உறையை மூட வேண்டும். பக்கத்தில் நின்று உங்கள் கண்ணால் பாருங்கள். டயஃப்ரத்தைப் புதிதாகப் போட்டு, டெல்கோவை நடுவுக்குக் கொண்டுவந்து லைட்டில் செட் செய்யுங்கள்.

வெள்ளை பிளக்கைப் பெல்ட் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. அதைப் பற்றி வேறு யாராவது சொல்வார்களா பார்ப்போம், கார்புரேட்டரில் என்னைவிடக் கைதேர்ந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

பழையஃபியட் எழுதியது:

வெள்ளை பிளக் என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இப்போது பங்கில் வருவது இ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். கார்புரேட்டர் வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்தத் தலைவலி இருக்கிறது, எனக்கும்தான்.

வெறும் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இருபது சதவீதம் கலந்தால் கலவைக்குத் தேவைப்படும் காற்று சுமார் 13.5-க்கு இறங்கிவிடும். இன்ஜெக்ஷன் வண்டியில் ஆக்சிஜன் சென்சார் பார்த்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். பெட்ரோலை அளந்து விடும் கார்புரேட்டர் ஜெட்டுக்கு அது தெரியாது, 1997-ல் துளைத்த துளைதான். அதனால் வண்டி எட்டு ஒன்பது சதவீதம் வறட்சியாக ஓடுகிறது. வறண்ட கலவை மெதுவாக எரியும். மெதுவாக எரிந்தால் மேலே அண்ணன் சொன்ன தாமதம் இன்னும் கூடும்.

ஜெட்டை மாற்றுவதற்கு முன் ஃபில்டரைப் பாருங்கள். எத்தனால் டேங்கில் பல வருடமாகப் படிந்த அழுக்கைக் கிளப்பி ஃபில்டரில் கொண்டுவந்து சேர்க்கும். ஏற்றத்தில் பெட்ரோல் போதாமல் போக அது ஒன்றே போதும். கார்புரேட்டர் அடியில் இருக்கும் கேஸ்கட், வேக்கம் ஹோஸ்கள், இன்டேக் இணைப்பு எங்காவது காற்று இழுக்கிறதா பாருங்கள். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் மட்டம் பாருங்கள். பழைய ரப்பர் ஹோஸ்களை இ20 தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள். இது மட்டும் தள்ளிப்போடக் கூடாத வேலை, சிவந்த மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் வண்டியே மிஞ்சாது.

எல்லாம் பார்த்தும் பிளக் வெள்ளையாகவே இருந்தால் மெயின் ஜெட் ஒரு சைஸ் பெரிதாகப் போடுங்கள். எட்டு சதவீதம் கூடுதல் பெட்ரோலுக்குத் துளையின் விட்டம் நான்கு சதவீதம் கூடினால் போதும். கம்பி விட்டுக் குடைந்து பெரிதாக்குகிறவர்களிடம் கொடுக்காதீர்கள். அளவு போட்ட ஜெட்டாகவே வாங்குங்கள்.

அடிவாரம்97 எழுதியது:

பெல்ட் உறையைப் பக்கத்தில் நின்று திறக்க வைத்தேன். கிராங்க் குறி நேராக வந்தபோது கேம் குறி சரியாக ஒரு பல் தள்ளி நின்றது. பெல்ட் புதிது, அதனால் அதையே திரும்பப் போட்டு, இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தே மூடினோம். டயஃப்ரம் புதிது. டெல்கோ இப்போது ஓட்டையின் நடுவில் நிற்கிறது, குறியும் கோட்டில் நிற்கிறது. ஐடில் வேக்கம் 18.

ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தால் காப்பித்தூள் நிறத்தில் வண்டல் வந்தது. ஃபில்டரையும் பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றியாயிற்று.

நேற்று இரவு நான் மட்டும் ஏறினேன். பழைய பிக்கப் திரும்பிவிட்டது, முதல் கியருக்குப் போகும் தேவையே வரவில்லை. முன்பு கொதித்த இடத்தில் நிறுத்தி பானெட்டைத் திறந்தேன். உட்பக்கம் மட்டும் மிக மங்கலாக ஒரு சிவப்பு, ஐடிலில் ஒரு நிமிடத்துக்குள் கறுத்துவிட்டது. தண்ணீர் பொங்கவில்லை. ஆனால் கடைசி நாலைந்து வளைவில் முள் பாதிக்கு மேல் போய் முக்காலை நெருங்கியது. இது சரிதானா? தெர்மோஸ்டாட் இல்லாமலே விட்டுவிடலாமா? அம்மாவை எப்போது கூட்டிப் போகலாம்?

ஸ்பானர்12 எழுதியது:

மங்கலாகச் சிவந்து ஒரு நிமிடத்தில் கறுத்ததே, எனக்கு அது போதும். பெரிய வேலை முடிந்துவிட்டது.

முக்கால் வரை ஏறியதற்கு இரண்டு காரணம் பார்க்க வேண்டும். பிளக்கைத் துடைத்துப் போட்டு ஒருமுறை ஏறிவிட்டு, மேலே நிறுத்தி ஆற விட்டுக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்புக்கு வந்திருந்தால் ஃபில்டர்தான் வறட்சிக்குக் காரணம், ஜெட்டைத் தொட வேண்டாம். இன்னமும் வெள்ளை என்றால் ஃபியட்காரர் சொன்னபடி ஒரு சைஸ்.

இரண்டாவது தெர்மோஸ்டாட். திரும்பப் போடுங்கள், 82 டிகிரி என்று பொறித்தது. அதைக் கழற்றுவதால் எஞ்சின் குளிரும் என்பது நம் ஊர் ஒர்க்ஷாப்புகளில் ஊறிப்போன நம்பிக்கை. ஊருக்குள் அது எஞ்சினைத் தேவையான சூட்டுக்கே வர விடாது, பெட்ரோல் வீணாகும், ஆயிலில் ஈரம் தங்கும். ஏற்றத்தில் அதனால் ஒரு லாபமும் இல்லை. நல்ல தெர்மோஸ்டாட் அந்தச் சூட்டில் முழுதாகத் திறந்துதான் இருக்கும். புதிதாக வாங்கினாலும் மாட்டுவதற்கு முன் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்து, அது திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஃபேனுக்குக் கொடுத்த நேரடி ஒயரையும் எடுத்துவிட்டு, தண்ணீரின் சூட்டுக்கு ஏற்பத் தானாக இயங்கும் ஃபேன் ஸ்விட்ச் வழியாகவே ஓட விடுங்கள். ஸ்விட்ச் போயிருந்தால் மாற்றுங்கள்.

வாட்டர் பாடி (தெர்மோஸ்டாட் உட்காரும் கூடு) திறந்து தெர்மோஸ்டாட் போட்டதும் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். கடைசி வளைவுகளில் முள் ஏறியதற்கு அந்தக் காற்றும் காரணமாக இருக்கலாம், இத்தனை முறை திறந்து மூடிய வண்டி இது. வண்டியின் முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் அதைத் திறந்து வைத்து, மூடி இல்லாமல் ஐடிலில் ஓட விடுங்கள். குமிழ் வர வர ஊற்றிக்கொண்டே இருங்கள். வெறும் தண்ணீர் வேண்டாம், கூலன்ட் பாதி, சுத்தமான தண்ணீர் பாதி. ஃபேன் இரண்டு தடவை ஓடி நின்று குமிழும் நின்ற பிறகு மூடியைப் போட்டு, ரிசர்வ் டேங்கை மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை நிரப்புங்கள். மறுநாள் காலை ஆறிய பிறகு மட்டம் இறங்கியிருந்தால் இன்னொரு முறை நிரப்புங்கள்.

இது முடிந்து, பகலில் ஒருமுறை தனியாக ஏறி முள் பாதியைச் சுற்றியே நின்றால் அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டிப் போங்கள். பிளக் என்ன நிறத்தில் வந்தது என்று இங்கே எழுதுங்கள், முடிந்தால் படமும் போடுங்கள்.